ரெண்டு, மூணு, போலாம்!

அத்தியாயம் 4

"திருடு போனது என்னங்க?" என்று இந்துமதி மேடம் கேட்டார்.

இசையமைப்பாளர் ஸ்வரதீபன் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"செயினுங்களா?" என்றேன் நான்.

"ட்யூன்!" என்று கத்தினார் அவர். "என் உயிரிலிருந்து வந்த ட்யூன்!"

மேடம் என்னைப் பார்த்த பார்வைக்கு, வாயை மூடு என்று அர்த்தம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பார்வையைப் பார்த்து வருகிறேன். பலன் ஒன்றும் இல்லை.

குன்னூரில் ஒரு தையல்கடைக்கு மேலே இருக்கிறது எங்கள் துப்பறியும் நிலையம். மூளை மேடத்துடையது. ஸ்கூட்டரும் வாயும் என்னுடையவை. பெயர் ஷிஜோ, ஊர் கூடலூர் பக்கம் ஸ்ரீமதுரை. பெரும்பாலும் நாங்கள் மாப்பிள்ளை விசாரிப்பவர்கள். பையன் குடிப்பானா, சொன்ன வேலையில்தான் இருக்கிறானா, ஏற்கெனவே ஒரு கல்யாணம் பண்ணி மறந்துவிட்டானா, இவ்வளவுதான் எங்கள் உலகம். அப்படிப்பட்ட எங்களை அரவேணு சரிவில் இருக்கும் இந்தப் பங்களாவுக்கு ஒரு சினிமாக்காரர் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்.

ஸ்வரதீபன் பாட்டு இல்லாமல் கல்யாண மண்டபங்களில் பந்தியே நடக்காது என்று ஒரு காலம் இருந்தது. அப்புறம் புதுப் பையன்கள் வந்தார்கள். அவர் டிவி பாட்டுப் போட்டிகளில் நடுவராக உட்கார்ந்து, மற்றவர்கள் பாடுவதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பல வருஷம் கழித்து இப்போதுதான் மறுபடி ஒரு படம். கம்போசிங்குக்காகத் தயாரிப்பாளர் பிடித்துக் கொடுத்த பங்களா இது. ஹாலில் தம்பூராவோடு அவர் படம் பெரிதாக மாட்டியிருந்தது. கீழே, 'தஞ்சை சங்கீதப் பரம்பரையின் ஏழாவது தலைமுறை' என்று எழுதியிருந்தது. நடுப்பகலில், வீட்டுக்குள்ளே, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

"நான் கொடைக்கானல் கேட்டேன். ஏற்காடுகூடப் பரவாயில்லைன்னேன். தயாரிப்பாளர் பிடிவாதமா இங்கே கொண்டுவந்து போட்டுட்டார். இந்த மலையே எனக்கு ஒத்துக்கல," என்றார். "மூணு மாசம் ஒரு ட்யூன் வரல. ரூமை விட்டு வெளியே வரல. செத்துட்டேன்னே நினைச்சேன். ஒரு நாள் விடியக்காலையில, கனவும் இல்லாம நினைவும் இல்லாம ஒரு நேரம் இருக்கே, அப்ப சாட்சாத் சரஸ்வதி வந்து காதுல பாடினா."

கீபோர்டு முன் உட்கார்ந்தார். விரலைத் தூக்கினார். "ரெண்டு, மூணு, போலாம்!" என்றார். வாசித்தார்.

சும்மா சொல்லக்கூடாது, அருமையான ட்யூன். கேட்டதும் பிடித்தது. ஏற்கெனவே தெரிந்த ஆளைப் பார்த்த மாதிரி இருந்தது.

"அந்த ஒண்ணு எங்கே சார் போச்சு?" என்றேன்.

"ஒண்ணு எனக்குள்ளேயே போயிடும். சின்ன வயசுப் பழக்கம். எந்தப் பாட்டு ஆரம்பிச்சாலும் இந்த எண்ணிக்கை வந்துடும், ரெக்கார்டும் ஆகும். பாட்டை வெளியே விடறப்ப அதை வெட்டிடுவோம். வெளியான என் பாட்டு எதுலயும் இதை நீங்க கேட்டிருக்க முடியாது." கீபோர்டை அணைத்தார். "நேத்து கார்ல போறேன். தோட்டத்துல கொழுந்து வெட்டற பொம்பளைங்க என் காரைப் பாத்ததும் இதே ட்யூனைப் பாடறாங்க. ரெண்டு, மூணு, போலாம்னு ஆரம்பிச்சே பாடறாங்க! மினி பஸ் கண்டக்டர் பாடறான். டீக்கடைக்காரர் பாடறார். அந்த எண்ணிக்கையோட இந்த ட்யூன் இருக்கறது ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்ல. அது இருக்கறது ஒரே ஒருத்தன் கையில."

அந்த ஒருத்தன் மூலையில் பையோடு நின்றுகொண்டிருந்தான். பெயர் அருண்பிரசாத். சார் முணுமுணுப்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, தாளம் தந்திக் கருவிகள் எல்லாம் சேர்த்துப் பாட்டாக்கும் ப்ரோகிராமர். சொந்த ஊர் கோத்தகிரி. வருஷக்கணக்காக இவரிடம் வேலை பார்த்து, கடைசியில் அவனுக்கே ஒரு படம் கிடைத்திருந்தது. நாளைக்குச் சென்னையில் ஒப்பந்தம். இன்று காலையில்தான் ஸ்வரதீபன் அந்தப் படத்துத் தயாரிப்பாளருக்குப் போன் போட்டு, "நீங்க சேர்க்கிற ஆள் திருடன்" என்று சொல்லியிருந்தார்.

"சாயங்காலத்துக்குள்ள இவன் ஒத்துக்கணும். இல்லைன்னா போலீஸுக்கும் யூனியனுக்கும் புகார் போகும்," என்றார். "அப்புறம் இவன் எந்த ஸ்டூடியோ வாசலையும் மிதிக்க முடியாது."

மேடம் அவனிடம் போனார். "நீங்க எடுத்தீங்களா தம்பி?"

"இல்லீங்க."

"அப்ப எப்படி வெளிய போச்சுங்க?"

அவன் ஸ்வரதீபனைப் பார்த்தான். அப்புறம் தரையைப் பார்த்தான். "தெரியலைங்க."

எத்தனை மாப்பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்! உண்மையை முழுங்குகிற முகம் எனக்குத் தெரியாதா? இவன்தான் என்று நான் அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

ஸ்வரதீபன் சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினார். "யாரது உள்ளே? ஒரு தேத்தண்ணி கேட்டு எவ்வளவு நேரமாச்சு!"

மேடத்தின் புருவம் லேசாக ஏறி இறங்கியது.

*

வெளியே வந்ததும், "தஞ்சாவூர்க்காரர் காபியல்ல கேக்கோணும்?" என்றார் மேடம்.

"கோபத்துல பால் திரிஞ்சிருக்கும் மேடம்."

"நீ வண்டியை எடு."

வண்டியை எடுக்க வேண்டிய தேவையே இல்லை. பங்களா வேலிக்கு அந்தப்புறமே தேயிலை. நாலைந்து பெண்கள் கத்தரி வைத்துக் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் மூத்தவர் தலையில் சாக்கை மடித்துப் போட்டிருந்தார். பெயர் அன்னக்கிளி.

"அம்மா, அந்தப் பெரிய கார் போறப்ப ஒரு பாட்டுப் பாடுவீங்களாமே?" என்றார் மேடம்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள். அன்னக்கிளி கூச்சமே இல்லாமல் நிமிர்ந்து நின்று, "ரெண்டு, மூணு, போலாம்!" என்றார். பாடினார். வார்த்தை இல்லை, வெறும் தன்னானே. ஆனால் அதே ட்யூன், ஒரு நெளிவு பிசகவில்லை. முடித்ததும் கத்தரியோடு சேர்ந்த கொழுந்துப் பெட்டியில் கையால் இரண்டு தட்டுத் தட்டினார். டக், டக்.

"எங்கே கத்துக்கிட்டீங்க?"

"இதையெல்லாம் கத்துக்குவாங்களா பிள்ளை? தெரிஞ்சதுதான்."

"அந்தக் காரைப் பாத்தா மட்டும் ஏன் பாடறீங்க?"

"சும்மாதான்." மறுபடி சிரிப்பு. "மழையில நிக்கிறீங்களே, தேத்தண்ணி குடிக்கிறீங்களா? பிளாஸ்க்குல இருக்கு."

மேடம் சட்டென்று அவரைப் பார்த்தார். "உங்களுக்குச் சொந்த ஊர் எதுங்க?"

"சிலோன்ல தோட்டத்துல பொறந்தது. சின்னதுல கப்பல்ல கொண்டாந்து விட்டாங்க. அப்பயிருந்து இந்தத் தோட்டத்து லயத்து வீடுதான்."

தேத்தண்ணி நன்றாக இருந்தது. மேடம் அதைக் குடித்துக்கொண்டே பங்களாவைத் திரும்பிப் பார்த்தார்.

அரவேணு கடைவீதியில் டீ மாஸ்டரைப் பாடச் சொன்னோம். எண்ணினார், பாடினார், கடைசியில் கரண்டியால் கிளாஸில் இரண்டு தட்டு. மினி பஸ் கண்டக்டர் எண்ணினார், பாடினார், பஸ் தகரத்தில் இரண்டு தட்டு. அது போகலாம் என்கிற சிக்னல் என்று நினைத்து டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். கண்டக்டர் ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டார்.

"கேஸ் ஊத்திக்கிச்சு மேடம்," என்றேன். "ஊரே கேட்டிருக்கு. அருண்பிரசாத் வாட்ஸ்அப்ல விட்டிருக்கான், அவ்வளவுதான்."

"அந்த ரெண்டு தட்டு?"

"சும்மா தட்டறாங்க."

"எல்லாருமா? ஒரே இடத்துலயா? காலைல சார் வாசிச்சப்ப தட்டினாரா?"

யோசித்தேன். தட்டவில்லை.

"ஹார்ட் டிஸ்க்ல இருந்து போயிருந்தா, ஹார்ட் டிஸ்க்ல இருக்கறதுதானே போகும்? திருடறவன் எடுத்துட்டுப் போவான். கையில இருந்து போட்டுட்டுப் போவானா?" மேடம் டீ மாஸ்டரிடம் திரும்பினார். "ஏனுங்க, எதுக்குங்க கடைசியில தட்டறீங்க?"

அவர் விழித்தார். இப்படி ஒரு கேள்வி இதற்கு முன் அவரை யாரும் கேட்டதில்லை. "தட்டாம எப்படிங்க? அப்புறம் அது பாட்டாவே இருக்காதே. வர்க்கிக்காரர் தட்டுவாருங்க."

*

கோத்தகிரியில் எல்சா பேக்கரி ஒரு பழைய கட்டடம். அடுப்புச் சூட்டில் உள்ளே நுழைந்ததும் என் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தது. முதலாளி லெஸ்லி கை வைத்த பனியனில் மாவோடு வந்தார். தினமும் விடிவதற்கு முன் அவரே வேனை எடுத்துக்கொண்டு, கோத்தகிரியிலிருந்து அரவேணு வரைக்கும் தோட்டம் தோட்டமாக, கடித்தால் அடுக்கடுக்காக நொறுங்கும் எங்கள் மலை பிஸ்கட்டான வர்க்கியை விற்பவர்.

"பாட்டுங்களா? அது எங்க வேன் பாட்டாச்சே! அப்பா காலத்துல கேசட்ல போட்டுட்டு இருந்தோம். இப்ப என்ற பையன் பென் டிரைவ்ல ஏத்திக் குடுத்திருக்கான். பாட்டு முடிஞ்சா டின் மூடியில ரெண்டு தட்டுவேன். அப்பத்தான் சனம் கதவைத் திறக்கும்."

வேனுக்குள் தலையை விட்டு ஒரு பொத்தானை அமுக்கினார். ஸ்பீக்கர் கரகரத்தது. ஒரு பொடியன் குரல் கேட்டது.

"ரெண்டு, மூணு, போலாம்!"

அப்புறம் கீச்சுக் கீபோர்டு. அப்புறம் அதே ட்யூன், வார்த்தைகளோடு.

*மழை வந்தா என்ன? மஞ்சு வந்தா என்ன?*
*எல்சா வர்க்கி இருக்குதண்ணா!*

லெஸ்லி பழக்க தோஷத்தில் டின்னைத் தட்டினார். எதிர் வீட்டில் ஒரு கதவு திறந்து, இப்போது என்ன வேன் என்று ஒரு அம்மா எட்டிப் பார்த்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "மேடம்! கேஸே தலைகீழா ஆயிடுச்சு! சரஸ்வதி வேன்ல வந்திருக்கா! விடியக்காலையில அந்தாளு தூங்கறப்ப இந்த வேன் கீழ் ரோட்டுல போயிருக்கு. தூக்கத்துல காதுல வாங்கி, எழுந்து தன் ட்யூன்னு வாசிச்சிருக்கார். வர்க்கி விளம்பரத்தைச் சுட்டுட்டு அடுத்தவனைத் திருடன்கறார்!"

"பாதி சரி," என்றார் மேடம். "ட்யூன் இங்கிருந்து அங்கே போச்சு. ஒத்துக்கறேன். ஆனா 'ரெண்டு, மூணு, போலாம்' அவரோட சின்ன வயசுப் பழக்கமாச்சே. அது எப்படி அங்கிருந்து இங்கே வந்துச்சு?"

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தேன். என் வாய் சும்மா இருந்ததில் மேடம் சந்தோஷப்பட்டிருப்பார்.

லெஸ்லி கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டுக்கொண்டு, வேறெங்கோ பார்த்தார். மேடம் அவரை விடவில்லை. "அந்த வேனை எடுத்துட்டு எங்களோட பங்களாவுக்கு வரோணுங்க."

"அது மரியாதையா இருக்காதுங்க அம்மிணி. பெரிய மனுசர்..."

"ஒரு பையன் பொழப்பு போகப்போகுதுங்க. அருண்பிரசாத்."

"நம்ம அருணா?" லெஸ்லி அதிர்ந்து போனார். "என்ற வேன் சத்தம் கேட்டு எந்திரிச்சுப் பள்ளிக்கூடம் போன பையனாச்சுங்களே!" அடுத்த நிமிஷம் சாவியை எடுத்துவிட்டார்.

மேடம் வேனில் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் லெஸ்லி அவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டே போனார். பின்னால் ஸ்கூட்டரில், வேன் புகையைக் குடித்துக்கொண்டு வந்த எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. உதவியாளன் பிழைப்பு இதுதான்.

*

வேன் பங்களா வாசலில் நின்றது. லெஸ்லி பொத்தானை அமுக்கினார்.

ஸ்வரதீபன் வராந்தாவுக்குப் பாய்ந்து வந்தார். "பாத்தீங்களா! வேன் வரைக்கும் போயிடுச்சு!" அருண்பிரசாத் அவர் பின்னால் வந்தான். வேனைப் பார்த்ததும் அவன் முகத்தில் ரத்தமே இல்லை. லெஸ்லியைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"முழுசாக் கேளுங்க சார்," என்றார் மேடம். "நீங்கதான் நடுவராச்சே. மார்க் போடுங்க."

நடுவர் என்றதும் அவர் உடம்பு தானாக நிமிர்ந்தது. கண்ணை மூடிக் கேட்டார்.

"ட்யூன் என்னுது. அதைப் பத்திப் பேச வேணாம். பாடறவன் சுருதியில நிக்கல. கீபோர்டு ரெண்டு விரல்ல வாசிக்கிறான், இடது கை எங்கே போச்சுன்னு தெரியல. என் எண்ணிக்கையையும் சேர்த்துக் காப்பி அடிச்சிருக்கான், மானம் கெட்டவன்." ஒரு விரல் தானாகத் தொடையில் தாளம் போட்டது. "ஆனா 'மஞ்சு வந்தா'ங்கற இடத்துல மேலே போறான் பாருங்க. பயமே இல்ல. சொல்லிக் குடுத்தா இவன் வருவான். யார் இவன்?"

"பேரு வடிவேல்ங்க," என்றார் மேடம். "அம்மா பேரு தெய்வம்மா. சிலோன்ல இருந்து வந்து இந்தத் தோட்டத்து லயத்துல இருந்தவங்க."

வேனில் பாட்டு முடிந்தது. லெஸ்லி டின்னைத் தட்டவில்லை.

ஸ்வரதீபன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியில் உட்கார்ந்தார்.

"அந்தக் கேசட் இன்னுமா இருக்கு?" என்றார்.

தஞ்சாவூரின் ஏழாவது தலைமுறை அந்தப் படியோடு முடிந்தது.

லெஸ்லி அவர் அருகில் போனார். "மன்னிக்கோணுங்க சார். எங்க சர்ச் கொயருக்கு கீபோர்டு வாசிக்க வருவீங்க. வர்க்கிக்காகத்தான் வர்றீங்கன்னு ஃபாதருக்கும் தெரியும். ஒரு மத்தியானம் பேக்கரி மாடியில உட்காந்து அப்பாவுக்கு இதை வாசிச்சுக் குடுத்தீங்க. அப்புறம் மெட்ராஸ் போயிட்டீங்க. பேர் மாறுச்சு. டிவியில தஞ்சாவூருன்னீங்க. ஏதோ காரணம் இருக்கும்னு நாங்க ஒருத்தரும் வாயைத் திறக்கலைங்க. இப்ப இங்க வந்து தங்கியிருக்கீங்கன்னு தெரிஞ்சதும் சனத்துக்குத் தாங்க முடியாத சந்தோசம். ஆனா பேரைச் சொல்லிக் கூப்பிட முடியுங்களா? அதனால கார் வந்தா உங்க பாட்டை உங்களுக்கே பாடினோம். ஒரு மரியாதைக்குங்க."

"நான் கண்ணாடியை ஏத்திட்டுப் போனேன்," என்றார் ஸ்வரதீபன்.

அவர் தலையைத் தூக்கி அருண்பிரசாத்தைப் பார்த்தார். "உனக்குத் தெரியும்."

"நீங்க வாசிச்ச அன்னைக்கே தெரியுங்க சார்."

"ஏன்டா சொல்லல? நாளைக்கு உன் படம் போயிருக்குமே!"

"மூணு மாசம் கழிச்சு அன்னைக்குத்தான் சார் நீங்க ரூமை விட்டு வெளியே வந்தீங்க. என்னைக் கட்டிப் பிடிச்சு, 'நான் இன்னும் சாகலடா'ன்னீங்க." பையின் வாரைப் பிடித்து முறுக்கினான். "அதுக்கப்புறம் இது வர்க்கி வேன் பாட்டுன்னு எந்த வாயால சொல்றது? நைசா ட்யூனைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்தி வேற பக்கம் கொண்டு போயிடலாம்னு பாத்தேன். அதுக்குள்ள நீங்க தோட்டத்துப் பக்கம் போயிட்டீங்க."

இவன்தான் திருடன் என்று முகத்தைப் பார்த்தே தீர்ப்புச் சொன்ன மகா துப்பறிவாளன் நான். இனிமேல் மாப்பிள்ளை விசாரணையில்கூட என்னை நம்பக் கூடாது.

மேடம் வராந்தா மேஜையிலிருந்த அவர் போனை எடுத்து ஸ்வரதீபனிடம் நீட்டினார். அவர் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் போன் எதற்கென்று அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஹாலில் இருக்கும் அந்தப் படத்தைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதும் தெரியும். அருண்பிரசாத், "வேண்டாங்க சார்" என்றான். அவர் நம்பரை அழுத்தினார்.

"காலைல நான் சொன்னது தப்பு," என்றார். "அருண்பிரசாத் எடுக்கல. தங்கமான பையன். தைரியமா கையெழுத்து வாங்குங்க."

அந்தப்பக்கம், அப்படியென்றால் யார்தான் எடுத்தது என்று தயாரிப்பாளர் கேட்டது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. யார் திருடன் என்று தெரியாமல் அவர் விடுவதாக இல்லை.

"வடிவேல்னு ஒருத்தன்."

"யார் சார் அது?"

ஸ்வரதீபன் கண்ணை மூடிக்கொண்டார். "நான்தான். தெய்வம்மா மகன். தஞ்சாவூர் இல்ல, கோத்தகிரி. வேணும்னா இதைப் பத்திரிகைக்கும் சொல்லிக்குங்க."

போனை வைத்தவர் சமையலறைப் பக்கம் திரும்பி, இந்தத் தடவை கத்தாமல், "எல்லாருக்கும் தேத்தண்ணி குடுங்க" என்றார்.

லெஸ்லி டின்னைத் திறந்து வர்க்கியை நீட்டினார். "அந்தப் பாட்டை நீங்க தாராளமா சினிமாவுல போட்டுக்குங்க சார். ஒரே ஒரு கண்டிசன். முன்னாடி ரெண்டு, மூணு, போலாம் இருக்கோணும். அதை வெட்டினீங்கன்னா எங்க சனம் தியேட்டர்ல கத்தும்."

அருண்பிரசாத் மேட்டுப்பாளையம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். லெஸ்லி வேனிலேயே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். அவன் காலில் விழ வந்தான். ஸ்வரதீபன் பாதியிலேயே பிடித்துத் தூக்கி, அவன் பையை வாங்கித் தானே சுமந்துகொண்டு கேட் வரைக்கும் வந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. வேலிக்கு அப்பால் பெண்கள் கத்தரியை நிறுத்திவிட்டு இந்த ஊர்வலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் திரும்பி வந்த பிறகு, கார் இல்லாமல் அவரை அவர்கள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பாடுவதா வேண்டாமா என்று அவர்களுக்குப் புரியவில்லை.

வேன் கிளம்பியது. அவர் அது திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் தேயிலைப் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமி, கையைத் தூக்கினார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, போலாம்!"

ஒருத்தரும் பாடவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அன்னக்கிளி தலையிலிருந்த சாக்கை விலக்கிக்கொண்டு, இடுப்பில் கையை வைத்து, சரிவு முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"டேய் வடிவேலு! ஒண்ணு கிடையாதுடா! ரெண்டுல இருந்து எடு!"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி ரெண்டிலிருந்து எடுத்தார்.